குடியுரிமைக்கு விலை துவக்கா?

பிறந்த மண்ணை விட்டு அந்நிய நாடொன்றிற் காலூன்ற முயலும் இளைஞனுக்கு, அந்நாடு இரண்டு வாயில்களைக் காட்டுகிறது. ஒன்று கல்லூரியின் வாயில். மற்றது பட்டாளத்தின் வாயில். முதலாவதிற் கட்டணச் சீட்டுத் தொங்குகிறது. இரண்டாவதிற் குடியுரிமைப் பத்திரம் தொங்குகிறது. எதனுட் புகுவது? இக்கேள்வி வாஷிங்டனிலும் லண்டனிலும் மட்டும் எழும் கேள்வியன்று. பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு, அவர்தம் குரலைத் தொலைபேசியிற் கேட்டு வாழும் உடுப்பிட்டி வீடுகளிலும் எழும் கேள்வி. பிள்ளை அங்கே, முடிவு கேட்கப்படுவதோ இங்கே இருக்கும் தாய் தந்தையரிடம். அவர்களுக்கு யோசனை கூற எவரும் இல்லை. ஆகவே இது குறித்து எம் கருத்தை ஒளிவு மறைவின்றிக் கூறுவது எம் கடமை என்று கருதுகிறோம்.

இராணுவ சேவையை நாம் இழிவென்று கொள்பவரல்லர். ஒரு நாட்டின் குடிமகன், அந்நாட்டைக் காப்பது தன் கடன் என்று தெளிந்து படையிற் சேர்வானாயின், அவனை வாழ்த்துவோம். ஆனால், இன்னும் குடிமகன் ஆகாத ஒருவனைப் பார்த்து, “நீ குடிமகன் ஆகவேண்டுமாயின் முதலில் உயிரைப் பணயம் வை” என்று ஓர் அரசு கூறுமாயின், அது அவனுக்குத் தெரிவு வழங்கவில்லை; அவனுடைய இல்லாமையை வைத்துப் பேரம் பேசுகிறது. அப்பேரத்துக்கு எம் பிள்ளைகள் இணங்குதல் கூடாது. இணங்கித் தீரவேண்டிய நெருக்கடிக்கு அவர்களை நாமும் தள்ளுதல் கூடாது. இதுவே எம் நிலை. இதற்கான காரணங்களை ஊரிலிருந்தே தொடங்குவோம்.

ஏட்டை நம்பிய ஊர்

உடுப்பிட்டி, துவக்கை நம்பி வளர்ந்த ஊர் அன்று; ஏட்டை நம்பி வளர்ந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவசம்புப் புலவரை ஈன்று தமிழ்ப் புலமையாற் பெயர் பெற்றது இவ்வூர். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனார், 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1852இல் உடுப்பிட்டியிலும் அம்மிஷனாரின் பள்ளி எழுந்தது. இன்று அமெரிக்க மிஷன் கல்லூரி என நிற்பது அதுவே. மதம் பரப்பும் நோக்கம் அவர்களுக்கு இருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அதனை எதிர்த்தே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆயினும் அப்போட்டியில் இறுதியாக வென்றது கல்வி ஒன்றே.

அக்கல்வியை முதலாகக் கொண்டே எம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது, அவர்கள் ஆங்கிலப் பள்ளியிற் பெற்ற தகைமைக்காக. குடியேறி வாழ்வதற்கு விலையாக அவர்களிடம் எவரும் துவக்கேந்தக் கேட்டார் இல்லை. 1960இல் உடுப்பிட்டி தனித் தொகுதியாகி முதன்முதல் பாராளுமன்றத்துக்கு ஒருவரை அனுப்பியபோதும், அது தெரிந்தெடுத்தது திரு. மு. சிவசிதம்பரம் அவர்களை, சட்டம் கற்ற ஒருவரை. ஏடும் சொல்லும் வாதமும் வாழ்வு தரும் என்பதே இவ்வூரின் நம்பிக்கையாக இருந்தது.

ஆகவே ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். அமெரிக்கா என்ற நாடு எம் ஊர்க்கு முதன்முதல் அனுப்பியது பள்ளிக்கூடத்தை. அந்நாட்டுக்கு நாம் அனுப்பிய பிள்ளையிடம், ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அது கேட்டது பட்டாளத்துச் சேவையை. இம்மாற்றத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டாவா?

பள்ளி பாசறையானபோது

எம் பிள்ளைகள் ஏன் ஊரை விட்டுப் புறப்பட்டனர்? பொன் தேடிப் போனார்கள் என்று எளிதாகக் கூறிவிடுவோர் உண்டு. அவர்கள் பின்வருவனவற்றை மறந்தவர்கள்.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவம் பயில விரும்பிய தமிழ் மொழி மூல மாணவன் 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. சிங்கள மொழி மூல மாணவனுக்கு 229 போதும் என்றாயிற்று. பொறியியலுக்கு முன்னவன் 250, பின்னவன் 227. தரப்படுத்தல் என்று அதற்குப் பெயர் சூட்டினர். 1974இல் மாவட்ட அடிப்படை வந்து யாழ்ப்பாணத்து மாணவனின் வாய்ப்பை மேலும் குறுக்கியது. அதே ஆண்டிற் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அடைக்கப்பட்ட கதவின் அளவுக்குத் திறந்த கதவு பெரிதாக இருக்கவில்லை. கல்லூரிக் கதவு அடைபட்ட இளைஞன் துவக்கைத் தேடினான். பல்கலைக்கழகம் ஏற்காதவனைப் போராட்டம் ஏற்றுக்கொண்டது. ஓர் அரசு கல்வியின் விலையை உயர்த்தினால் துவக்கின் விலை தானே தாழும் என்பதற்கு எம் வரலாற்றைவிட வேறு சான்று தேவையில்லை.

பின்னர் நடந்தவற்றை வடமராட்சி மக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1987 மே 26ஆம் நாள் தொடங்கிய படை நடவடிக்கையில் உடுப்பிட்டி உட்பட இப்பகுதி முழுவதும் இராணுவத்தின் பிடிக்குள் வந்தது. பிடிக்கப்பட்ட இளைஞர் கப்பலேற்றப்பட்டுக் காலிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பூசா முகாமில் அடைக்கப்பட்டனர். அயலூரான நெல்லியடியில் மத்திய மகா வித்தியாலயம் இராணுவத்தின் பாசறையாயிற்று. பிள்ளைகள் பாடம் படித்த அவ்விடத்தில் 1987 யூலை 5ஆம் நாள் குண்டு வெடித்தது. 1989இல், இந்தியப் படை இங்கு நின்ற காலத்தில், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் வீதியிற் சென்ற மாணவரும் பிடித்துச் செல்லப்பட்டனர். அதன் பின் புலிகளின் ஆட்சியில், ஊரை விட்டு வெளியேறப் பாஸ் கேட்கப்பட்டது. போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கொருவர் என்று பிள்ளைகள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். துவக்குப் பிடித்த கைகள் வேறு வேறு. அவை கேட்ட காணிக்கை ஒன்றே.

இத்தனை துவக்குகளிலிருந்தும் காப்பாற்றவே, தாய்மார் தாலிக்கொடியை விற்றனர். தந்தையர் காணியை ஈடுவைத்தனர். எந்தப் படையிலும் சேராமல், எந்தப் படையிடமும் அகப்படாமல், பிள்ளை எங்கேனும் உயிரோடிருந்து படிக்கட்டும் என்பதே அவர்கள் வேண்டுதலாக இருந்தது. அவ்வாறு அனுப்பப்பட்ட பிள்ளை, சென்ற இடத்தில் வாழ்வுரிமை பெறுவதற்காக மீண்டும் துவக்கேந்துவதென்றால், விற்ற தாலிக்கொடிக்கும் ஈடுவைத்த காணிக்கும் என்ன பொருள்?

அமெரிக்கா காட்டிய இரு வழிகள்

கல்லூரியா பட்டாளமா என்ற கேள்வியைச் சட்ட வாசகமாகவே எழுதிய நாடு அமெரிக்கா. சிறு வயதிற் பெற்றோரால் அழைத்துவரப்பட்டு, வதிவுப் பத்திரமின்றி அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு, 1982ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்று பள்ளிக்கூடக் கதவைத் திறந்து வைத்தது. பள்ளி முடிந்த மறுநாள் அவர்கள் நிலை என்ன என்பதற்கு விடை இல்லை. அதற்கு விடையாக 2001இல் ‘கனவுச் சட்டம்’ என்று புகழப்பட்ட மசோதா வந்தது. பல முறை திருத்தப்பட்டு 2010இல் அது எடுத்த வடிவில், இளைஞன் இரண்டு ஆண்டு கல்லூரியிற் பயிலவேண்டும். அல்லது இரண்டு ஆண்டு இராணுவத்திற் சேவை புரியவேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்தவனுக்கே நிரந்தர வதிவுக்கான வழி திறக்கும் என்றிருந்தது.

2010 டிசம்பர் 8ஆம் நாள் பிரதிநிதிகள் சபை அதனை 216க்கு 198 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. பத்தாம் நாள், டிசம்பர் 18இல், செனற் சபையில் 55 பேர் ஆதரித்தும் 41 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். விவாதத்தை முடித்து வாக்கெடுக்க 60 தேவை. ஐந்து வாக்குக் குறைவால் மசோதா வீழ்ந்தது. 2012இல் ஜனாதிபதி ஒபாமா அவ்விளைஞர்களை நாடு கடத்துவதை ஒத்திவைத்தார். ஒத்திவைப்பு உரிமையாகுமா?

இம்மசோதாவாற் பயன்பெற இருந்தோரிற் பெரும்பாலர் மெக்சிக்கோ முதலிய நாட்டினர். தமிழர் மிகச் சிலர். ஆயினும் அதன் தத்துவம் குடிபெயர்ந்தோர் அனைவரையும் தொடும். இரண்டு வாயிலும் சமம் என்று சட்டம் கூறிற்று. உண்மையில் அவை சமமாக இருந்தனவா? பத்திரமற்ற மாணவனுக்கு மத்திய அரசின் கல்வி உதவிப் பணம் கிடையாது. பல மாநிலங்களில் அவன் வெளியூரான் செலுத்தும் கட்டணத்தையே செலுத்தவேண்டும். உள்ளூர்க் கட்டணத்தை 2001இல் முன்னோடியாக வழங்கிய டெக்சாஸ் மாநிலத்திலும், 2025 யூனில் அச்சலுகை நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. பட்டாளமோ பணம் கேட்பதில்லை, பணம் கொடுக்கிறது. செல்வன் வீட்டுப் பிள்ளை கல்லூரி வாயிலாலும், ஏழை வீட்டுப் பிள்ளை பட்டாள வாயிலாலும் நுழைவதற்கே அச்சட்டம் வழி செய்திருக்கும். ஒருவன் கட்டணத்தாற் பெறும் உரிமையை மற்றவன் குருதியாற் பெறுதல் நீதியாகுமா?

தமிழுக்கு வந்த திடீர் மதிப்பு

2008இன் இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு ஒரு திட்டத்துக்கு அனுமதி வழங்கி, 2009இல் ஆட்சேர்ப்பைத் தொடங்கியது. மாணவராகவும் தொழிலாளராகவும் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அந்நியர், படைக்கு வேண்டிய மொழியறிவோ மருத்துவப் பயிற்சியோ உடையவராயின், நிரந்தர வதிவுரிமைக்குக் காத்திராமல் இராணுவத்திற் சேரலாம். சேர்ந்து விரைவிற் குடியுரிமையும் பெறலாம் என்றது அத்திட்டம். அது விரும்பிய மொழிகளின் பட்டியலிற் பஷ்தூ, பாரசீகம், உருது என்பவற்றோடு தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது.

1956இல் எம் நாட்டில் எம் மொழிக்கு ஆட்சியில் இடமில்லை என்றனர். சிங்களம் தெரியாத தமிழ் உத்தியோகத்தர் பதவி உயர்வை இழந்தனர். அத்தகைய தமிழுக்கு வல்லரசொன்றின் படை மதிப்புக் கொடுத்தது என்று மகிழ்ந்தோரும் உண்டு. நாம் மகிழவில்லை. தமிழை அப்படை விரும்பியது நாவலருக்காகவோ சிவசம்புப் புலவருக்காகவோ அன்று, தன் அலுவலுக்காக. அலுவல் முடிந்தால் மதிப்பும் முடியும் என்பதை அத்திட்டத்தின் கதியே காட்டிற்று. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அதன்கீழ்ச் சேர்ந்தபின், 2016இற் புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டிருந்தோர் பலர் பின்புல விசாரணைக்காக ஆண்டுக் கணக்கிற் காத்துக் கிடந்தனர். காத்திருக்கையிலேயே சிலருடைய வதிவு அனுமதி காலாவதியாயிற்று. 2018இற் பலர் சேவையிலிருந்து விலக்கப்பட்ட செய்தியை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. படிப்பை விட்டுப் படையை நம்பி வந்தவனுக்கு, ஈற்றில் இரண்டும் இல்லை என்றாயிற்று.

கல்லூரிக்கும் பட்டாளத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. கற்ற கல்வியை எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் திருப்பிப் பறிக்க முடியாது. வாக்களித்த குடியுரிமையை ஒரு சுற்றறிக்கை தள்ளிப்போடலாம். மற்றொன்று இல்லாமலே செய்யலாம்.

குவாத்தமாலாவில் அநாதையாக வளர்ந்து, பத்திரமின்றி அமெரிக்காவுட் புகுந்து, பின்னர் அந்நாட்டுக் கடற்படைப் பிரிவிற் சேர்ந்தவர் ஹொசே அன்ரோனியோ குத்தியேரஸ். கட்டடக் கலை பயிலவேண்டும் என்பது அவர் ஆசையாக இருந்தது. 2003 மார்ச் 21ஆம் நாள், ஈராக் போர் தொடங்கியவுடன், முதலில் உயிரிழந்த அமெரிக்க வீரர் சிலருள் அவரும் ஒருவரானார். குடியுரிமை அவருக்கு வழங்கப்பட்டது, இறந்த பிறகு. அப்பத்திரத்தை வைத்து அவர் எந்தக் கல்லூரியிற் சேர்வது?

ரஷ்யப் போர்க்களத்தில்

அமெரிக்கா மறைமுகமாகக் கேட்ட விலையை ரஷ்யா வெளிப்படையாகவே கேட்கிறது. உக்ரேன் போரில் ஓராண்டு ஒப்பந்தத்திற் சேரும் அந்நியருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் எளிய முறையிற் குடியுரிமை வழங்க, 2024 ஜனவரியில் அந்நாட்டு ஜனாதிபதி ஆணை பிறப்பித்தார். இதன் விளைவை எம் நாடும் கண்டது. ரஷ்யப் படையில் 554 இலங்கையர் சேர்ந்துள்ளனர் என்றும், அவருள் 59 பேர் இறந்துவிட்டனர் என்றும், 2025 பெப்ரவரியில் வெளிநாட்டலுவல்கள் அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் அறிவித்தார். அவருட் பலர் முன்னாட் படையினர். ஆயினும், ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்வதாகக் கூறிய முகவரை நம்பிப் புறப்பட்ட வட பகுதித் தமிழ் இளைஞர் சிலரும் அப்படையில் அகப்பட்டுள்ளனர் என்று அவர்தம் குடும்பத்தார் கண்ணீரோடு முறையிட்டனர்.

பத்தில் ஒருவருக்கு மேல் மாண்டிருக்கிறார் என்று இக்கணக்குக் கூறுகிறது. இது தெரிவா? வடமராட்சித் தாய் தன் பிள்ளையை 1987இற் பூசாவிலிருந்து மீட்கத் துடித்தாள். இன்னொரு தாய் இன்று பெயர் உச்சரிக்கவும் அறியாத பனிநிலத்திலிருந்து மீட்கத் துடிக்கிறாள். முகவரிடம் பணம் கட்டுமுன் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறுப்போர் கூற்று

“படையிற் சேர்ந்தாற் படிப்பும் கிடைக்குமே! அமெரிக்க அரசே செலவை ஏற்குமே!” என்று சிலர் வாதிப்பர். வாதத்தில் உண்மை உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 1944ஆம் ஆண்டின் சட்டத்தால், இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட அமெரிக்கர் இலட்சக்கணக்கிற் கல்லூரி சென்றனர். 2008இல் இயற்றப்பட்ட சட்டப்படி, 36 மாதம் சேவை புரிந்தவர்க்கு அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதையும் அரசு செலுத்துகிறது. வீட்டு வாடகைக்கும் புத்தகத்துக்கும் பணம் தருகிறது. ஆனால் இவ்வாதம் ஓர் உண்மையை விழுங்கிவிடுகிறது. இன்று அமெரிக்கப் படையிற் பொதுவாகச் சேரக்கூடியவர் குடிமக்களும் நிரந்தர வதிவுரிமை பெற்றோருமே. அவ்வதிவுரிமை பெற்றவனுக்கு, படையிற் சேராமலே மத்திய அரசின் கல்வி உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் உண்டு. ஐந்தாண்டு வாழ்ந்து நிபந்தனைகளை நிறைவேற்றினாற் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் உண்டு. அவசரம் எதற்கு? அறியாமையே பல வேளைகளில் எம் பிள்ளைகளைப் படைக்கு ஆள் சேர்ப்பவனின் மேசைக்கு இட்டுச்செல்கிறது.

இன்னோர் அறியாமையும் உண்டு. அமெரிக்காவில் வதியும் 18 முதல் 25 வயது வரையான ஆண்கள், குடியுரிமை அற்றோரும் உட்பட, மாணவர் முதலிய தற்காலிக அனுமதியில் முறைப்படி தங்கியிருப்போர் நீங்கலாக, படைப் பதிவேட்டில் இடம்பெறவேண்டும் என்பது சட்டம். இதனைக் கேட்டுப் பெற்றோர் கலங்குவதுண்டு. பதிவேட்டிற் பெயர் இருப்பது வேறு. படையிற் சேர்வது வேறு. கட்டாய ஆட்சேர்ப்பு அங்கே 1973இலேயே நின்றுவிட்டது. சட்டம் வேண்டும் பதிவைச் செய்யாது விடுவதே பின்னர்க் குடியுரிமைக்கு இடையூறாகும்.

“தமிழர் படையிற் சேர்ந்து பெருமை பெற்றதில்லையா?” என்று கேட்பாரும் உளர். பெற்றனர். இலங்கை இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியாக 1955இற் பதவியேற்ற ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு தமிழரே. அவர் ஒக்ஸ்போர்டிற் பயின்று, சட்டத்தரணியாகி, அதன் பின்னரே படையதிகாரி ஆனார் என்பதைக் கவனியுங்கள். மலாயாவில், யாழ்ப்பாணத்துப் பெற்றோர்க்குப் பிறந்த ராசம்மா என்னும் பெண், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையிற் பதினாறு வயதிற் சேர்ந்தார். போர் முடிந்ததும் மலாயாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, ஆசிரியராகி, கோலாலம்பூரில் மெதடிஸ்ற் பெண்கள் பாடசாலையின் அதிபராக விளங்கினார். முன்னவர் கல்விக்குப் பின் படையை அடைந்தார்; பின்னவர் படைக்குப் பின் கல்வியை அடைந்தார். இருவரும் தம் உள்ளம் தேர்ந்த இலட்சியத்துக்காகச் சேர்ந்தவர். குடியுரிமைப் பத்திரத்துக்காகச் சேர்ந்தவரல்லர். அப்பெருமையைக் காட்டி இன்றைய பேரத்தை நியாயப்படுத்துதல் பொருந்தாது.

சிங்கப்பூரையும் சிலர் எடுத்துக்காட்டுவர். 1967இல் அங்கே தேசிய சேவை கட்டாயமாக்கப்பட்டது. பெற்றோர் வழியாக நிரந்தர வதிவுரிமை பெற்ற குடியேறியோர் மகனும் இரண்டாண்டு சேவை புரியவேண்டும். அதனைச் செய்யாது வதிவுரிமையைத் துறப்பவன், பின்னர் அந்நாட்டிற் படிக்கவோ தொழில் பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது பாதகமாகவே கருதப்படுவான். கடுமையான சட்டந்தான். ஆயினும் ஒரு நீதி அதில் உண்டு. அமைச்சர் மகனும் அச்சேவையைச் செய்கிறான். குடியேறியவன் மகனும் செய்கிறான். சேவை முடியும்வரை பல்கலைக்கழகம் அவனுக்குரிய இடத்தைக் காத்து வைத்திருக்கிறது. சுமை அனைவர்க்கும் என்றால் அது கடமை. வறியவனுக்கு மட்டும் என்றால் அது விலை.

பிரித்தானியாவும் 2018 நவம்பரில், பொதுநலவாய நாட்டினர் ஐந்தாண்டு அங்கு வதிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி, படைக்கு ஆள் சேர்த்தது. சேவை முடித்து அங்கேயே வாழ விரும்பிய வீரனிடம் பெருந்தொகை கட்டணமாக அறவிடப்பட்டது. ஆறாண்டு சேவை புரிந்தோர்க்கு அக்கட்டணம் நீக்கப்பட்டது 2022இலேயே. எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவும், 2022 நவம்பரில், நிரந்தர வதிவுரிமை பெற்றோரைப் படையிற் சேர்க்க முன்வந்தது. சொந்த நாட்டு இளைஞர் போதிய அளவிற் சேராதபோது குடியேறியோர் பக்கம் படைகளின் பார்வை திரும்புகிறது. இதனை உபசாரம் என்று எண்ணி ஏமாறுதல் வேண்டா.

செய்யவேண்டுவன

குறை கூறுவதோடு நின்றுவிடுதல் எம் வழக்கமன்று. செய்யவேண்டுவன சிலவற்றையும் கூறுகிறோம்.

முதலாவதாக, எம்மவர் வாழும் நாடுகளின் அரசுகளுக்கு: இளைஞன் உங்கள் பள்ளியிற் படித்து வளர்ந்தானாயின், அவனுக்கு வதிவுரிமை வழங்க அதுவே போதும். கல்லூரியையும் பட்டாளத்தையும் ஒரே தராசில் வைப்பதாயின், இரண்டுக்கும் ஒரே விலையை வையுங்கள். புகலிடக் கோரிக்கை முடிவாகும்வரை அவனை வெளிநாட்டு மாணவன் என்று கணித்துப் பன்மடங்கு கட்டணம் அறவிடாதீர்கள். வழி இல்லாமலில்லை. டொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகம் 2017இலிருந்து, வதிவு நிலை உறுதியாகாத மாணவரை உள்நாட்டுக் கட்டணத்திலேயே சேர்க்கும் திட்டத்தை நடத்திக் காட்டியது. ஒரு பல்கலைக்கழகத்தால் இயன்றது ஓர் அரசால் இயலாதா?

இரண்டாவதாக, இலங்கை அரசுக்கு: உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் அனைவர்க்கும் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. தகுதி பெற்றும் இடம் பெறாத இளைஞனே முகவரின் முதல் வாடிக்கைக்காரன். இடங்களைப் பெருக்குங்கள். ரஷ்யப் போர்க்களத்தில் அகப்பட்டோரை மீட்பதற்கும், அவர்களை அனுப்பிய முகவரைச் சட்டத்தின் முன் நிறுத்துவதற்கும் தயங்காதீர்கள். இளைஞனை ஊரில் நிறுத்த வேண்டுமாயின் ஊரில் அவனுக்குப் படிப்பு இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, எம்மவர்க்கே. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. லண்டனிலும் டொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் யாழ்ப்பாணத்தார் ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் கட்டி எழுப்பியுள்ளனர். ஊர்க் கோயிலுக்குக் கோபுரமும், பள்ளிக்கு மண்டபமும், விளையாட்டரங்குக்குச் சுற்றுமதிலும் அவர்தம் உழைப்பால் எழுகின்றன. போற்றுகிறோம். ஆனால், அதே நகரத்தில், அதே ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞன், கட்டணம் செலுத்த வழியின்றிப் படைக்கு ஆள் சேர்க்கும் கந்தோர் வாயிலிலோ, நள்ளிரவுவரை உணவுக்கடைச் சமையற்கட்டிலோ நிற்பானாயின், இங்கே எழும் மண்டபத்தில் என்ன பெருமை இருக்கிறது? ஒவ்வொரு சங்கமும் தன் வரவில் ஒரு பங்கை, பத்திரம் இன்னும் கைக்கு வராத மாணவனின் முதலிரண்டு ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு என ஒதுக்கி வைக்கட்டும். தானமாக வேண்டாம், தொழில் பெற்றபின் அவன் திருப்பிச் செலுத்தி, அடுத்தவனைக் கைதூக்கட்டும். சட்டம் அறிந்த தமிழர் வாரத்தில் ஒரு மாலையை அவ்விளைஞர்களுக்கு ஒதுக்கி, எந்த உரிமை உண்டு, எந்த உதவிப் பணம் கிடைக்கும் என்பதை விளக்கட்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை போய் இறங்கிய மறுமாதமே ஈட்டுக் காசை அனுப்பு, தங்கையின் சீதனத்தைத் தேடு என்று நெருக்குகிறோம். அந்நெருக்குதலே அவன் கையிலிருந்து புத்தகத்தைப் பறிக்கிறது. காணி சில ஆண்டு ஈட்டில் இருக்கட்டும். சீதனம் என்னும் கொடுமைக்காகப் பிள்ளையின் படிப்பைப் பலியிடுதல் இரட்டைக் கொடுமை.

இளைஞனே, உனக்கு இறுதியாக: நீ வாழும் நாட்டின் குடிமகனாகிய பின், அந்நாட்டைக் காப்பது உன் கடன் என்று உன் மனச்சாட்சி கூறினால், படையிற் சேர், எவரும் உன்னைத் தடுக்கவியலாது. ஆனால், ஒரு பத்திரத்துக்காகச் சேராதே. வீட்டுக் கடனை அடைக்கச் சேராதே. ஆள் சேர்ப்பவன் காட்டும் படத்தைப் பார்த்துச் சேராதே. முன்பின் அறியாத ஒரு மக்களை எதிரியென்று சுடுமுன், அயலூர்ப் பள்ளிக்கூடத்துள்ளேயே பாசறை அமைந்ததைக் கண்ட மக்களின் பிள்ளை நீ என்பதை நினைத்துக்கொள்.

சாதாரண வகுப்பறைகளிலிருந்து உடுப்பிட்டி மருத்துவரையும் ஆசிரியரையும் வழக்கறிஞரையும் உலகெங்கும் அனுப்பியிருக்கிறது. போர் அவ்வரிசையைக் குலைத்தது; முற்றாக அறுத்துவிடவில்லை. அதனைத் தொடர்வதா, முறிப்பதா என்பது வாஷிங்டனிலோ மொஸ்கோவிலோ முடிவாக வேண்டியதில்லை. ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, ‘மாணவர் கல்லூரிக் கட்டணம்’ என்று ஒரு வரி சேர்க்கப்படட்டும். அவ்வொரு வரியைச் சேர்க்க முதலில் கை உயர்த்துவோர் யார்?